கார் வேண்டாத ஊர்

இந்த நகரத்தை விட்டே போய்விடுவது என்று முடிவு செய்தேன். சும்மா அல்ல, மேஜையைத் தட்டி முடிவு செய்தேன். தட்டிய வேகத்தில் டீ கொட்டிவிட்டது. துடைத்துவிட்டு, மறுபடியும் முடிவு செய்தேன்.

ஏன் இந்த ஆவேசம் என்று கேட்பீர்கள். நான் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். காலையிலிருந்து மாலை வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் உயிரை முன்பின் தெரியாதவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டு, "பதறாதீங்க, மெதுவா, மெதுவா" என்று சொல்வது என் தொழில். பிரேக் என்றால் ஆக்சிலேட்டரை மிதிக்கிற ஆசாமிகள் உண்டு. நாலு ரோடு சந்திப்பு வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிற ஒரு அம்மாள் உண்டு. "கண்ணைத் திறங்கம்மா" என்றால், "பயமா இருக்கே சார்" என்பார். ஏன், எனக்கு மட்டும் குளுகுளுவென்றா இருக்கிறது? ஆனாலும் மாணவர்களிடம் நான் ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை. கோபத்தையெல்லாம் பத்திரமாகச் சேர்த்து வீட்டுக்கு எடுத்து வருவேன். அங்கே அதை வெளியே எடுக்க அவள் விடுவதில்லை.

அவள் என்றால் என் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் பூராவும் ஊர் ஜனங்களின் மூக்கில் கண்ணாடியை மாட்டி, "இப்பத் தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கேட்டே பழகியவள். வீட்டுக்கு வந்தும் என்னிடம் அதே கேள்விதான். "நான் ஏன் அன்னிக்கு அப்படிச் சொன்னேன்னு இப்பத் தெரியுதா?"

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. கல்யாணமான புதிதிலிருந்து அதே ஆசை.

"என்னங்க, எனக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுங்க."

நான் சொல்லாத சாக்கு கிடையாது. மழைக்காலத்தில் ரோடு வழுக்கும் என்றேன். வெயில்காலத்தில் டயர் வெடிக்கும் என்றேன். மழையும் வெயிலும் இல்லாத நாளில் எனக்குத் தலைவலி வந்தது. ஒரு நாள் வேறு வழியில்லாமல், "உனக்கு உயரம் பத்தாது" என்றேன்.

"உங்ககிட்ட கத்துக்கிட்ட போஸ்ட் ஆபீஸ் அம்மா என்னைவிடக் குள்ளம். பாஸ் பண்ணிட்டாங்களே?"

"அவங்க குஷன் வச்சுக்கிட்டாங்க."

மறுநாள் ஒரு குஷனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். எனக்கு அன்று இரட்டைத் தலைவலி.

"எங்க அக்காவைப் பாக்கணும்னா முதல்ல உங்க மூஞ்சியைப் பாக்கணும்" என்றாள். "மூஞ்சி நல்லா இருக்கிற அன்னிக்கு அக்கா ஊர்ல இருக்க மாட்டா. அவ இருக்கிற அன்னிக்கு உங்க மூஞ்சி இப்படி இருக்கும்."

கணவன் மனைவிக்குக் கார் சொல்லிக்கொடுத்து உருப்பட்ட குடும்பம் கிடையாது என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு. வீட்டில் ஆரம்பித்து, பாதியில் சண்டை போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்கள் ஸ்கூலுக்கு வந்து சேர்ந்த தம்பதிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இது ஊருக்குச் சொல்கிற காரணம். நிஜக் காரணத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் டிவி அவள் கையில். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பது அவள் கையில். நான் எந்தச் சட்டை போட வேண்டும் என்பதும் அவள் கையில்தான். நான் சொன்னபடி திரும்புகிற ஒரே ஜீவன் எங்கள் வீட்டுக் கார். அதையும் கொடுத்துவிட்டு நான் எங்கே போவேன்?

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஊரைப் பார்த்தேன்.

ஒரு மாணவரை நெடுஞ்சாலையில் ஓட்டவிட்டுப் பழக்கிக்கொண்டே போனபோது, அவர் வழி தவறி அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். மிகப் பழைய ஊர். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் உயரமான கல் வாசல். வாசலோடு கார்களுக்கு முற்றுப்புள்ளி; வெளியே ஒரு மைதானத்தில் நிறுத்திவிட்டு நடந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே கல் பாவிய தெருக்கள். ரொட்டிக்கடை, மருந்துக்கடை, நூலகம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஆற்றங்கரை நெடுக சைக்கிள் பாதை. என் வயது ஆள் ஒருவர் சைக்கிளில் போனார். கூடையில் ஒரு காலிஃபிளவர், உதட்டில் விசில். ஹார்ன் சத்தமே இல்லை. பொய் சொல்வானேன், அவர் மறைகிற வரை பார்த்துக்கொண்டே நின்றேன். இப்படி ஒரு வாழ்க்கை இருக்கும்போது நான் எதற்காக நாள் பூராவும் புகையைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்?

திரும்பி வரும்போதே மூளையில் பல்ப் எரிந்தது. கார் வேண்டாத ஊர். அங்கே போய்விட்டால் அவள் எதற்காகக் கார் கற்றுக்கொள்ள வேண்டும்? கேள்வியே அடிபட்டுப் போகுமே! எனக்கு ஆற்றங்கரையும் ஆச்சு, தலைவலியும் போச்சு.

சந்தோஷத்தில் இதை மாடி வீட்டுப் பல் டாக்டரிடம் சொல்லித் தொலைத்தேன்.

"பிரமாதமான ஐடியா" என்றார் டாக்டர். "ஆனா உங்க வீட்ல வேலைக்குப் போக?"

"ரயில் இருக்கு டாக்டர். ஸ்டேஷன் கூப்பிடு தூரம். இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்."

"வாயே திறக்க மாட்டேன்" என்றார். ஊரிலுள்ள வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவர் அவர். தன் வாயை மூடத் தெரியுமா என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டொரு நாள் கழித்துத்தான் மேலே சொன்ன மேஜையைத் தட்டினேன். டீயைத் துடைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"இந்த ஊர்ல மனுஷன் இருப்பானா?"

"நாம இருக்கோமே."

"இதெல்லாம் ஒரு இருப்பா? நடந்தே எல்லாம் வாங்கிட்டு வரலாம், சைக்கிள்லயே எங்கயும் போகலாம், அப்படி ஒரு ஊர் பாத்து வச்சிருக்கேன். ஆத்தங்கரை. காரை வாசல்லயே நிறுத்திடுவாங்க, உள்ள விடவே மாட்டாங்க. அங்க குடி போயிடலாம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் தயாரானேன். அவள் கேட்கப்போகிற ஒவ்வொரு கேள்விக்கும் பதிலைப் பாடம் செய்து வைத்திருந்தேன்.

"சரிங்க. போலாம்."

"என்ன சரி?"

"போலாம்னேன்."

"உன் வேலை என்னாகும்?"

"அதான் ரயில் இருக்குன்னு சொன்னீங்களே."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே?"

"சொல்ல வந்தீங்கல்ல?"

"சொல்லத்தான் வந்தேன்" என்று ஒப்புக்கொண்டேன். அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ராத்திரி பகலாக உருப்போட்ட பதில்கள் வீணாகிறதே என்கிற எரிச்சல்தான் வந்தது.

"முழுசாக் கேளு. சும்மா சரின்னா என்ன அர்த்தம்?" என்று அதட்டினேன்.

கேட்டாள். நன்றாகவே கேட்டாள்.

"ஸ்டேஷன் ரொம்ப தூரமோ?"

"கூப்பிடு தூரம்."

"உங்களுக்கு முட்டி வலி இருக்கேங்க?"

"சைக்கிள் ஓட்டினா பறந்து போயிடும்."

"மழை வந்தா?"

"ரெயின்கோட் எதுக்கு இருக்கு? மழையில சைக்கிள்ல போறது ஒரு சுகம். உனக்கெங்கே அதெல்லாம் தெரியப்போகுது?"

"கார் இல்லாம மனுஷன் நிம்மதியா இருக்கலாம்ங்கிறீங்க."

"கார் இல்லாதவன்தான் நிம்மதியா இருப்பான்."

"எவ்வளவு அழகாச் சொல்றீங்க" என்றாள். அவள் என்னைப் பாராட்டினால் நான் பயப்பட வேண்டும். அன்று ஏனோ மறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனோம். மைதானத்தில் காரை நிறுத்திவிட்டு, கல் வாசலில் வாடகை சைக்கிள் எடுத்தோம். சைக்கிள் ஓட்டிப் பல வருஷம் ஆகியிருந்தாலும் நீச்சலும் சைக்கிளும் மறக்காது என்பார்கள். எனக்கு மறக்கவில்லை, சைக்கிளுக்குத்தான் என்னை மறந்துவிட்டது. நான் இந்தப் பக்கம் திருப்பினால் அது அந்தப் பக்கம் போனது. சைக்கிள் கடைக்காரம்மா கைகட்டி வேடிக்கை பார்த்தார்.

"முதல் தடவையா சார்?"

"நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்."

"அதான் கேட்டேன்."

என் மனைவி அதற்குள் ரொட்டிக்கடை வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள்.

வீடு எனக்கு மிகவும் பிடித்தது. கல் சுவர், ஆற்றைப் பார்த்த ஜன்னல், உள்ளே மரப்படி. அவள் படியில் ஒரு காலை வைத்துப் பார்த்தாள்.

"ஏணி மாதிரி இருக்குங்க. இன்னொரு வீடு பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

இவளுக்கு எதுதான் பிடிக்கும்! எரிச்சலோடு மைதானத்துக்கு வந்தேன். அவள் பாட்டுக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, சௌகரியமாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உனக்கென்னம்மா, மகாராணி மாதிரி ஏறி உக்காந்துட்டே. ஓட்டறவனுக்குத்தான் தெரியும் கஷ்டம்" என்றேன்.

"அவ்வளவு கஷ்டமாங்க?"

மைதானத்தில் ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு தடவை இவளை உட்கார வைத்து, வண்டி உதறுகிற உதறலைக் காட்டிவிட்டால் ஜென்மத்துக்கும் கார் பேச்சு எடுக்க மாட்டாளே என்று தோன்றியது. கெடுவான் கேடு நினைப்பான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

"இங்க வந்து உக்காந்து பாரு. அப்பத்தான் என் அருமை தெரியும்."

உட்கார்ந்தாள். ஸ்டார்ட் செய்தாள். வண்டி முயல் மாதிரி ஒரு குதி குதித்து நின்றது.

"ஐயோ, இது எனக்கு வராதுங்க!"

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்கத் தவமிருந்த வாக்கியம். அதோடு நான் இறங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவள் கிளட்ச்சை விட்ட விதம் இருக்கிறதே! சூடான பாத்திரத்தைக் கீழே போடுகிற மாதிரி, பொத்தென்று. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? அடுத்தவன் சட்டையில் நூல் தொங்கினால் தையல்காரன் கை சும்மா இருக்குமா?

"அப்படி விடக் கூடாது. பாதி விடு. வண்டி லேசா நடுங்குது பாரு, அங்க காலை நிறுத்து. ம், இப்ப மெதுவா மிச்சத்தை விடு."

வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நகர்ந்தது.

"பாத்தியா, எவ்வளவு கஷ்டம்?" என்றேன், சமாளித்து.

"ரொம்பக் கஷ்டங்க" என்றாள், மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டே.

அடுத்த ஞாயிறு வேறு வீடு. சுவரில் ஈரம் இருக்கிறதாம். அதற்கடுத்த ஞாயிறு பார்த்த வீட்டில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிகிறதாம். "சமைக்கும்போது சுவரைப் பாத்தா என்ன, ஆத்தைப் பாத்தா என்ன? வெங்காயம் வெந்தாப் போதாதா?" என்று கத்தினேன். இன்னொரு வீட்டில் எந்தக் குறையுமே இல்லை. குறையே இல்லாத வீட்டில் ஏதோ குறை இருக்கிறது என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு சைக்கிளை ஆற்றில் விட்டிருப்பேன். விடவும் விட்டேன், ஆனால் அது கோபத்தினால் அல்ல. பிரேக் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். முழங்கால் வரை சேற்றோடு நான் கரையேறியபோது அவள், "உடம்புக்கு நல்லதுங்க" என்றாள்.

ஒவ்வொரு தடவையும் வீடு பார்த்து முடித்ததும் மைதானத்தில் எனக்கு அதே அவஸ்தை. அவளே, "வேண்டாங்க, எனக்கு எங்க வரப்போகுது" என்பாள். நானே, "வராதுதான், அதுக்காக அன்னிக்கு மாதிரி கியரை நறநறன்னு அரைச்சா எப்படி? இப்படி வா" என்று கூப்பிட்டு உட்கார வைப்பேன். கிளட்ச் ஒழுங்குக்கு வந்ததும் கியரில் கோளாறு செய்தாள். கியர் சரியானதும் ரிவர்ஸில், திரும்பியே பார்க்காமல் ஒரு மரத்தைக் குறி வைத்தாள். "கழுத்து எதுக்கு இருக்கு உனக்கு? திரும்பிப் பாரு!" என்று அலறி, அதையும் திருத்தினேன். அப்புறம் ஸ்டியரிங்கைச் சோறு பிசைகிற மாதிரி பிசைந்தாள். அதைத் திருத்த ஒரு ஞாயிறு போயிற்று. "ரோட்டுல போனா இன்னும் கஷ்டமோ?" என்று ஒரு நாள் கேட்டாள். அந்தக் கஷ்டத்தையும் காட்டிவிடுவோமே என்று ஆற்றங்கரை ரோட்டுக்குக் கூட்டிப்போனேன்.

பழைய பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் நல்ல மேடு.

"இந்த மாதிரி ஏத்தத்துல நிறுத்தினா வண்டி பின்னாடி போயிடுமாமே? நிஜமாவா?"

"நிறுத்து, காட்டறேன்."

நிறுத்தினாள். பின்னாடி போயிற்று. என் உயிரும் கூடவே போய்விட்டு வந்தது. ஹேண்ட் பிரேக், பாதி கிளட்ச், கொஞ்சம் ஆக்சிலேட்டர் என்று தொண்டை கட்டுகிற வரை கத்தினேன். நாலைந்து தடவை சொதப்பிவிட்டு, அவள் அந்த மேட்டில் காரை நிறுத்தி, இம்மிகூடப் பின்வாங்காமல் கிளப்பினாள் பாருங்கள்!

"சபாஷ்!"

என் வாயிலிருந்துதான் விழுந்தது.

"என்ன சபாஷ்? எனக்குத்தான் வரலையே?"

"ஆமாமா. வரலை."

"அப்ப வீட்டுக்கு நீங்களே ஓட்டுங்க" என்று இறங்கிக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு பணிவு. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, அந்தக் காலிஃபிளவர்க்காரரைப் போல விசிலடித்துக்கொண்டே ஓட்டினேன்.

ஒரு வியாழக்கிழமை ஸ்கூலுக்குள் நுழைந்ததும் எங்கள் ஓனரம்மா வாயெல்லாம் பல்லாக எதிரே வந்தார். சாதாரணமாக அவர் என்னைப் பார்த்தால் கடிகாரத்தைப் பார்ப்பார்.

"வாங்க வாத்தியாரே! நம்ம ஸ்கூல் மானத்தைக் காப்பாத்திட்டீங்க. இந்த மாதிரி சுத்தமான கிளட்ச்சைப் பாத்து ரொம்ப நாளாச்சுன்னு டெஸ்ட் ஆபீசரே சொல்றார். மேட்டுல நிறுத்தி எடுத்ததைப் பாத்துட்டு, யார் சொல்லிக்கொடுத்ததுன்னு கேட்டாராம். உங்களைத்தான் சொன்னேன்."

எனக்குக் கொஞ்சம் உயரம் கூடிய மாதிரி இருந்தது. "யாரு மேடம், அந்தக் கண்ணை மூடிக்கிற அம்மாவா?"

"அவங்க இன்னும் கண்ணைத் திறக்கலை. நான் சொல்றது உங்க வீட்டம்மாவை."

"எந்த வீட்டம்மா?"

"உங்களுக்கு எத்தனை வீடு?"

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அது நாற்காலி இல்லை, குப்பைக்கூடை.

"ஊருக்கெல்லாம் சொல்லித் தர்றவர், பொண்டாட்டிக்குச் சொல்லித் தர மாட்டேங்கிறாரேன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. ஸ்கூலுக்கு அவமானமா இல்லையா?" என்றார் ஓனரம்மா. "உங்க வீட்டம்மா வந்து கேட்டாங்க. நம்ம பாட வரிசையை வாரா வாரம் சொல்லி அனுப்பினேன். இந்த வாரம் கியர்ல தப்பு பண்ணும்மா, அடுத்த வாரம் ரிவர்ஸ்ல பண்ணும்மான்னு."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கிளட்ச், கியர், ரிவர்ஸ், ஸ்டியரிங், ரோடு, மேடு. அட, என் பாட வரிசை! நானே தினமும் சொல்லித் தருகிற வரிசை! ஒரு பாடம்கூட முன்பின் மாறாமல் தப்பு செய்திருக்கிறாள். நானும் ஒரு பாடம் விடாமல் திருத்தியிருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும். தவளையாவது மழைக்குத்தான் கத்தும். நான் ஞாயிறு தவறாமல் கத்தியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தேன். லைசென்ஸைக் காட்டினாள். லைசென்ஸ் படத்தில் யாராக இருந்தாலும் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரிதான் இருப்பார்கள். இவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏமாத்தினே!"

"நீங்கதான் காரே வேண்டாத ஊருக்குக் கூட்டிட்டுப் போய் என் வாயை அடைக்கப் பாத்தீங்க."

"யாரு சொன்னா?"

"பல் டாக்டர் சம்சாரம் கண்ணாடி மாத்திக்க வந்தாங்க."

"வராத மாதிரி நடிச்சியா?"

"முதல் நாள் நிஜமாவே வரலீங்க. அப்புறம் கவனிச்சேன். சரியாப் பண்ணினா நீங்க கம்முனு இருக்கீங்க. தப்பாப் பண்ணினா உடனே சொல்லித் தர்றீங்க. அப்ப தப்பாப் பண்றதுதானே புத்தி?"

இதையே என் மாணவன் சொல்லியிருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அங்கே கேலி கொஞ்சம்தான் இருந்தது, மிச்சமெல்லாம் சந்தோஷம். இத்தனை வருஷம் இதைக் கொடுக்காமல் வைத்திருந்தோமே என்று மனசு லேசாக வலித்தது. வலித்த கையோடு, அங்கே குடிபோனால் கார் கைவிட்டுப் போய்விடுமே என்ற ஞாபகமும் வந்தது.

"சரி, போனாப் போகுது" என்றேன், பெரிய மனசு பண்ணி. "லைசென்ஸ் வந்தாச்சு. இனிமே அந்த ஊரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இங்கயே இருப்போம். பஸ் இருக்கு, எல்லாம் இருக்கு."

"அதெப்படிங்க? வீட்டுக்காரம்மாகிட்ட வாக்குக் கொடுத்துட்டேனே. முதல்ல பாத்தோமே, அந்த வீடு."

"ஏணி மாதிரி இருக்குன்னியே!"

"உங்க முட்டிக்கு நல்லதுங்க. அதுவும் இல்லாம, அந்தப் பாலம் தாண்டினா எங்க அக்கா வீடு வந்துடும். நீங்க ஊரைப் பத்திச் சொல்லச் சொல்ல எனக்கும் ஆசை வந்துடுச்சு. எவ்வளவு அழகாச் சொன்னீங்க!"

பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள் அக்கா வீடு இருக்கிறது என்பது அந்த நிமிஷம் வரை எனக்கு ஞாபகமே இல்லை. எப்போதும் நகரத்திலிருந்து வேறு ரோட்டில் சுற்றிக்கொண்டு போயே பழக்கம். அதுவும் என் மூஞ்சி நன்றாக இருக்கிற நாளில் மட்டும்.

குடிபோனோம். முதல் திங்கட்கிழமை காலை சட்டைப் பையைத் தடவினேன். சாவி இல்லை. அவள் கதவருகே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். சாவி அவள் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்க கிளம்பிட்டே?"

"வேலைக்கு. எங்க கடை நகரத்துல அந்தக் கோடி. ரயில் அந்தப் பக்கமே போகாதுங்க. உங்க ஸ்கூல் ரயில்ல இறங்கினா எதிர்லயே."

"அதுக்காக நான் தினம் ரயில்லயா போறது?"

"ஸ்டேஷன் கூப்பிடு தூரம்."

"என் முட்டி..."

"சைக்கிள் ஓட்டினா பறந்து போயிடும்."

"வெளியில மழை கொட்டுதுடி!"

"மழையில சைக்கிள்ல போறது ஒரு சுகமாமே. எனக்கெங்கே அதெல்லாம் தெரியப்போகுது?"

ரெயின்கோட்டை என் கையில் கொடுத்து, பட்டனையும் அவளே மாட்டிவிட்டு, போய்விட்டாள். கார் இல்லாதவன்தான் நிம்மதியாக இருப்பான் என்று சொன்ன நாக்கைக் கடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

கல் தெருவில் தடதடவென்று உருட்டிக்கொண்டு, வாசல் தாண்டி, ஸ்டேஷன் ரோட்டுக்கு வந்தேன். தலைக்கு மேலே மழை, சக்கரத்துக்குக் கீழே சேறு. என்னைத் தாண்டிப் போகிற சைக்கிள்காரர்கள் எல்லோரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். அந்த ஊர் ஜனங்களுக்கு மரியாதை அதிகம். எனக்குப் பதிலுக்குக் கையைத் தூக்கப் பயம்.

பின்னால் ஒரு கார் வந்து வேகத்தைக் குறைத்தது. திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. அந்த எஞ்சின் சத்தம் தூக்கத்திலும் எனக்குத் தெரியும். என்ன இருந்தாலும் கட்டிய புருஷன் அல்லவா? மனசு கேட்டிருக்காது. ஏற்றிக்கொள்ளத்தான் நிறுத்துகிறாள். நானும் வீம்பு பிடிக்காமல், "சரி, இன்னிக்கு ஒரு நாள்" என்று சொல்வதற்கு வாயைத் தயார் செய்துகொண்டு, சைக்கிளை ஓரம் கட்டினேன்.

கார் பக்கத்தில் வந்தது. கண்ணாடி இறங்கியது.

"என்னங்க இது, கை காட்டாமத் திரும்பறீங்க? பின்னாடி வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கண்ணாடி ஏறியது. கார் கிளம்பிப் போயிற்று. கியர் மாறிய சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.